குணத்தின் காருக்குப் புகை வேண்டும்

2003 பெப்ரவரி 12, புதன்கிழமை. வழக்கம்போல் ஐந்தே முக்காலுக்கு எழுந்து தேநீர் வைத்தேன். முதல் நாள் சோற்றையும் பருப்பையும் சூடாக்கிச் சாப்பாட்டுப் பெட்டியில் அடைத்தேன். வானொலி மைனஸ் இருபத்தைந்து என்றது. காற்சட்டைக்குள் இன்னொரு காற்சட்டை போட்டேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் பஸ் ஏறித் தொழிற்பேட்டையில் இறங்கினேன். அலுவலகத்தில் பனிச்சப்பாத்தைக் கழற்றி, மேசைக்கடியில் இருக்கும் கறுப்புச் சப்பாத்தை மாட்டி, நாட்காட்டியில் முந்தின நாளைக் குறுக்கே வெட்டி, இரண்டு பென்சில் சீவினேன். ஓய்வு பெறும்வரை இந்த ஒழுங்கை நான் மாற்றியதில்லை.

சம்பளப் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று அந்த இரண்டு பென்சிலுக்குப் பிறகு நடந்த எதிலும் ஒழுங்கு என்று ஒன்று இருக்கவில்லை.

நீங்கள் முதலில் தடுக்கி விழப்போவது கம்பனிக் காரில்தான். கம்பனி ஒருவருக்குக் கார் கொடுத்து, அதை அவர் தன் சொந்தத் தேவைக்கும் ஓட்டலாம் என்றால் அது சம்பளம் மாதிரிதான். காசாகக் கொடுக்காத சம்பளம். அதற்கு ஒரு பெறுமதி போட்டு, ஆண்டு முடிவில் கொடுக்கும் வரிச்சீட்டில் சம்பளத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். பெறுமதியை எப்படிப் போடுவது என்பதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிடிவாதம். இங்கே கனடாவில் காரின் விலையைப் பார்ப்பார்கள். அது எத்தனை மாதம் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் நின்றது என்று பார்ப்பார்கள். மாதத்துக்கு விலையில் நூற்றுக்கு இரண்டு, ஆண்டுக்கு இருபத்துநான்கு. பிரித்தானியாவில் அதற்கு முந்தின ஏப்ரலிலிருந்து புகையைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு கிலோமீட்டர் ஓடினால் எத்தனை கிராம் காபனீரொட்சைட்டு, அதாவது கரியமில வாயு, வெளியே வருகிறது? குறைவாக வந்தால் விலையில் நூற்றுக்குப் பதினைந்து. கூடக் கூட ஏறி முப்பத்தைந்தில் நிற்கும். அந்தக் கிராம் கணக்கு கார் செய்யும்போதே அளந்து காரின் பத்திரத்தில் எழுதப்பட்டது. நீங்கள் அதை ஓட்டினாலும் சரி, நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, மாறாது.

எங்கள் கம்பனி பெரிய பேக்கரிகளுக்குப் பாண் சுடும் அடுப்பான போறணையை விற்றுப் பழுதும் பார்க்கும் கம்பனி. தலைமையகம் பிரித்தானியாவில். அங்கிருந்து அந்த வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது: கார்ச் சலுகைகள் இனிமேல் புகையின் அளவுப்படி கணக்கிடப்படும். அவர்களுடைய ஆட்களுக்கு எழுதியது. எங்களுக்கு ஒரு பிரதியைத் தகவலுக்காக அனுப்பியிருந்தார்கள். எங்கள் மேலாளர் அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டார்.

"தலைமையகம் சும்மா தகவல் அனுப்பாது," என்றார் என்னிடம் பிரெஞ்சில். "இம்மாத முடிவுக்குள் கொடுக்கும் சீட்டுகளில் புகை இருக்க வேண்டும்."

செய்தி அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது. அன்று காலை இரண்டாவது பென்சிலைச் சீவி முடித்த கையோடு ஏழு பேர் என் மேசைக்கு வந்து, தங்கள் கார் அநேகமாகப் புகையே விடுவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டிலிருந்து வரும் ஒரு விற்பனையாளர், பாலத்திலிருந்து இறங்கும்போது தான் காஸ் மிதியை அழுத்துவதே இல்லை, ஆகவே அந்தத் துண்டைக் கழித்துவிட வேண்டும் என்றார்.

எட்டாவதாக வந்தவர் குணம். போறணை பழுது பார்க்கும் தொழில்நுட்பவியலாளர், வயது நாற்பதுக்குக் கிட்ட, என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். சுற்றிப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"அண்ணை, என்ர காருக்கு எவ்வளவு புகை போட்டிருக்கிறியள்?"

"இன்னும் ஒண்டும் போடேல்லை. போடுற யோசனையும் இல்லை."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ."

பென்சிலைக் கீழே வைத்தேன். "குறைக்கச் சொல்லுறீரோ, கூட்டச் சொல்லுறீரோ?"

"கூட்டத்தான்."

"கூட்டினா வரி கூடும், குணம். விளங்குதோ?"

"ஓம், வரி கட்டுறன். சீட்டில வருமானம் எண்டு போடுற தொகையும் கூடுமெல்லே?"

விஷயம் இதுதான். அவருடைய அம்மா கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தார். இங்கே கூப்பிட்டெடுக்க விண்ணப்பித்தபோது, குணத்தின் வருமானம் போதாது என்று திருப்பிவிட்டார்கள். கொஞ்சத் தொகையால்தான் தட்டுப்பட்டது. சீட்டில் இருக்கும் தொகையைத்தான் பார்ப்பார்கள் என்று லோயர் சொல்லியிருந்தார்.

"ஓவர்டைம் கேட்டுப் பாத்தன், இல்லையாம். இன்னொரு வேலை பாக்க நேரமில்லை. இப்ப கடவுளாப் பாத்துப் புகையை அனுப்பியிருக்கிறார்," என்றார் குணம். "என்ர கார் ஆறு சிலிண்டர், அண்ணை. அம்மா இஞ்ச வாறதெண்டா அது புகைக்கோணும். அவ்வளவுதான் கதை."

அவருடையது பின்பக்கம் நீண்ட பெரிய கார். பின்னால் அவருடைய கருவிப் பெட்டிகள் ஏற வேண்டும் என்பதற்காகக் கம்பனி கொடுத்தது. அதைப் போல் துப்புரவான கார், கம்பனிக் கார்கள் நிற்கும் அந்த வளவில் இல்லை. ஐந்து வருடத்துக்குப் பிறகும் முன்னிருக்கையில், ஓட்டுபவருக்குப் பக்கத்தில், கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

அந்த நாட்டுச் சட்டம் வேறு, இந்த நாட்டுச் சட்டம் வேறு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மேலாளர் வந்துவிட்டார். பின்னால் செந்தில். சென்னையிலிருந்து படிக்க வந்து, படித்து முடித்து, எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர்.

"சார், பெரிய ப்ராப்ளம்," என்றார் செந்தில் என்னிடம். "இந்த ஊர்க் கார் பேப்பர்ல கிராம்னு ஒண்ணு கிடையவே கிடையாது சார். நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்னுதான் போட்டிருக்கான். நான் லிட்டரைக் கிராமா மாத்தி ஒரு டேபிள் போட்டுட்டேன். இவர் கம்ப்யூட்டரை நம்ப மாட்டேங்கிறார். கண்ணால பாக்கணுமாம்."

"எதை?"

"புகையை, சார்."

ஒன்பதரை மணிக்குக் கார் வைத்திருக்கும் எல்லோரையும் மேலாளர் வளவுக்கு அழைத்தார். கார்களை வரிசையாக நிறுத்தி இயந்திரத்தை ஓடவிடச் சொன்னார். ஒவ்வொரு காருக்கும் ஒரு வெள்ளைத் தாள், மேலே பெயர் எழுதி. தாளைப் புகைக்குழாய்க்கு முன்னால் ஒரே அளவு நேரம் பிடிக்க வேண்டும். எது கூடக் கறுக்கிறதோ அது கூடப் புகை விடும் கார். தாள் பிடிப்பது அவர், குறித்துக்கொள்வது நான். பேனா மை உறைந்துவிடும் என்று நான் பென்சில் கொண்டுபோயிருந்தேன். அன்று அந்த வளவில் எடுக்கப்பட்ட ஒரே சரியான முடிவு அதுதான் என்று நினைக்கிறேன்.

மைனஸ் இருபத்தைந்தில் ஒரு கார் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாக் குழாயிலிருந்தும் வெள்ளை வெளேரென்று ஆவி எழும்பியது. சிறிய காரும் பெரிய காரும் ஒரே மாதிரிச் சமையலறை போல் ஆவி விட்டன. விற்பனையாளர்கள் மேலாளர் கிட்ட வரும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கார் பழுது என்றார்கள். குணம் மட்டும் காஸை அடிவரை மிதித்தார். கார் நின்ற இடத்தில் நின்று அலறியது.

"அசே! அசே!" என்று மேலாளர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"போதுமாம், நிப்பாட்டச் சொல்லுறார்!" என்றேன் நான்.

குணம் கண்ணாடியை இறக்கினார். "அண்ணை, பாத்தீங்களே? என்ரதான் கூட. எழுதுங்கோ!"

"மிதிக்கிறதால ஒண்டும் கூடாது குணம். அது பேப்பரில இருக்கிற எண்."

"எழுதிப் போட்டுக் கதையுங்கோ!"

ஒரு தாளும் கறுக்கவில்லை. எல்லாம் நனைந்து, அடுத்த நிமிடமே உறைந்து, பொரித்த அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டன. மேலாளர் அவற்றைப் பெயர் வரிசைப்படி அறிவிப்புப் பலகையில் குத்தினார். பத்து மணிக்கு அவை உருகித் தரையில் சொட்டத் தொடங்கின. துப்புரவுப் பணியாளர் எதுவும் கேட்காமல் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு மேலாளர் கணினியை நம்பினார். செந்திலின் அட்டவணை அச்சாகி வந்ததும் ஒரு பரீட்சை முடிவு வந்ததுபோல் கூட்டம் கூடிவிட்டது. சிறிய கார்க்காரர்கள் பதினைந்திலும் பதினெட்டிலும் இருந்தார்கள். இந்த நாட்டுக் கணக்கில் இருபத்துநான்கில் இருந்தவர்கள், துள்ளாத குறை. குணம் தன் பெயரை விரலால் தேடினார்.

"முப்பத்தஞ்சு! இதுக்கு மேல இல்லையே, தம்பி?"

"அதான் மேக்ஸிமம், அண்ணா. யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட் நீங்க," என்றார் செந்தில்.

குணம் கையுறைகூடப் போடாமல் தெருவைக் கடந்து போய் ஒரு பெட்டி டோனட் வாங்கி வந்து எல்லோருக்கும் நீட்டினார். எனக்கும் நீட்டினார். நான் எடுக்கவில்லை. அந்த அலுவலகத்தில் மகிழ்ச்சி இல்லாமல் இருந்தது நான் ஒருவன்தான். எல்லோருக்கும் நன்மையாகத் தெரியும் ஒரு பிழையைத் தடுக்கப் போகிறவருக்கு அந்த நேரத்தில் துணைக்கு ஆள் கிடைக்காது. இதை எங்கேயும் படித்து அறிய மாட்டீர்கள், ஆகவே சொல்கிறேன்.

இரண்டு மணிக்கு மேலாளரின் அறைக்குப் போனேன். சீட்டுகளை அனுப்பும் ஒப்புதலில் என் கையெழுத்து வேண்டும். அது மேசையில் தயாராக இருந்தது.

"இதில் நான் ஒப்பமிட முடியாது," என்றேன். "இந்தச் சீட்டுகள் இரண்டு அரசுகளுக்குப் போகின்றன. ஒன்று கனடா, ஒன்று கியூபெக். இரண்டுமே புகையைப் பற்றி எங்களிடம் எதுவும் கேட்கவில்லை."

"தலைமையகம் கேட்கிறது."

"தலைமையகத்துக்குத் தனித் தாளில் அனுப்புவோம். எத்தனை கிராம் வேண்டுமானாலும் அனுப்புவோம். சீட்டில் போட முடியாது."

"எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். உங்களுக்கு என்ன குறை? உங்களிடம் கார்கூட இல்லை." பேனாவை என் பக்கம் தள்ளினார். "நாலு மணிக்குள் ஒப்பமிடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு வர வேண்டாம். செந்தில் ஒப்பமிடுவார்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே குணம் சீனி ஒட்டிய விரலை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். செந்திலுக்கு இந்த நாட்டில் வேலை அனுமதி இருந்ததே தவிர வேறெதுவும் இல்லை. ஒப்பமிடு என்றால் இடுவார், பிறகு அவர்தான் மாட்டுவார். சட்டத்தை இன்னொரு முறை சொல்லலாமா என்று யோசித்தேன். ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தேன். கேட்காதவருக்கு மூன்றாம் முறை அது வெறும் சத்தம்.

செந்திலின் அட்டவணையை எடுத்து அவர் முன் வைத்து, கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

"இது யாருடைய கார்?" என்றார்.

"உங்களுடையது. நாலு சக்கரமும் இழுக்கும் அந்தப் பெரிய வண்டி."

"முப்பத்தைந்தா?"

"புகைக் கணக்கில் முப்பத்தைந்து. நாட்டுக் கணக்கில் இருபத்துநான்கு."

அவர் சுற்றறிக்கையை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். அதை அவர் முழுக்கப் படித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"பாருங்கள்," என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார், "இது தகவலுக்காக மட்டும்தானே வந்திருக்கிறது."

"அப்படித்தான் தெரிகிறது," என்றேன்.

இதை ஒரு தந்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருடைய கார் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருந்தாலும் நான் ஒப்பமிட்டிருக்க மாட்டேன். வேலையை விட்டிருப்பேன், பிழை அப்படியே போயிருக்கும். ஒரு சட்டம் ஒருவருக்கு விளங்க வேண்டுமானால் அது அவர் வீட்டு வாசலில் நிற்கும் காரைப் பற்றியும் பேச வேண்டும். சில நேரம் அதைச் சுட்டிக்காட்டுவதுதான் எங்கள் வேலை.

மூன்று மணிக்குள் செய்தி தெரிந்துவிட்டது. என்னோடு யாரும் கதைக்கவில்லை. குணம் சாப்பாட்டு அறையில் மிஞ்சிய ஒரு டோனட்டுக்கு முன்னால் இருந்தார்.

"அப்ப என்ர முப்பத்தஞ்சு?"

"அது போயிட்டுது, குணம்."

"எவ்வளவுக்கு வந்து நிக்குது?"

"உம்மட சீட்டில கார் எண்டு ஒண்டும் வராது. பூச்சியம்."

"என்ன அண்ணை, மற்றாக்களுக்கு இருபத்துநாலு, எனக்குப் பூச்சியமோ? எனக்கு மட்டும் ஏன் இந்த வஞ்சகம்?"

வரி இல்லாததை வஞ்சகம் என்று சொன்ன ஒருவரை என் தொழிலில் நான் கண்டது அந்த ஒரு தடவைதான். அவர் கேட்டது நியாயமான கேள்வியும்கூட.

எனக்கு முன் அந்த மேசையில் ஒரு கிரேக்கப் பெண்மணி இருந்தார். கார்களைப் பற்றி அவர் சொல்லித் தந்தது ஒரே ஒரு கேள்விதான்: கார் இரவில் எங்கே தூங்குகிறது? விலையும் தூரமும் பிறகு, முதலில் அதைக் கேள் என்பார். குணத்திடம் ஆண்டுதோறும் கேட்டிருக்கிறேன். ஆண்டுதோறும் ஒரே பதில்: கம்பனி வளவில். அவர் பின்னேரம் காரை அங்கே பூட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போவார். வீட்டுக்குப் போகாத கார் சலுகை இல்லை. சலுகை இல்லாவிட்டால் சீட்டில் தொகை இல்லை. அவ்வளவு காலமும் பதிலோடு நின்றுவிட்டேன். அன்றுதான் ஏன் என்று கேட்டேன்.

"கம்பனிச் சாமானை வீட்டை கொண்டுபோறதோ, அண்ணை?"

"உம்மட வேலைக் கடிதத்தில எழுதியிருக்கே, வீட்டுக்கும் கொண்டுபோகலாம், சொந்தத் தேவைக்கும் ஓடலாமெண்டு."

"அது அவங்கள் ஒரு மரியாதைக்கு எழுதுறது."

"மரியாதைக்கோ?"

"ஓம். எங்கட ஆக்கள் வாசலில நிண்டுகொண்டு 'சாப்பிட்டுட்டுப் போங்கோவன்' எண்டு சொல்லுறேல்லையே? அதுக்காக உள்ளை போய் இலையைப் போட்டுக்கொண்டு இருக்கிறதோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து குளிர்காலம் இந்த மனிதர் சூடேற்றி உள்ள ஒரு காரை இரவு முழுக்கப் பனியில் நிற்கவிட்டு, பஸ் தரிப்பில் கால் மாற்றி மாற்றி நின்றிருக்கிறார். கம்பனி இரண்டாம் முறை கூப்பிடவில்லை என்பதற்காக.

"குணம், இப்ப நான் கூப்பிடுறன். காரை வீட்டை கொண்டுபோம். காலமை அதிலயே வாரும். வீட்டுக்கும் வேலைக்கும் இடையில ஓடுறது சொந்த ஓட்டம். அப்ப அது சலுகை. விலையில நூற்றுக்கு இரண்டு மாதா மாதம் உம்மட சீட்டில ஏறும்."

அவர் டோனட்டைத் தள்ளி வைத்தார். "பொய் ஒண்டும் இல்லையே?"

"இல்லை. உண்மையாக் காரில போகோணும். அதுதான் ஒரே நிபந்தனை."

"காணுமோ?"

அவர் முன்னாலேயே கைதுடைக்கும் தாளில் பெருக்கிக் காட்டினேன். போதுமானதாக இருந்தது, மேலே கொஞ்சம் மிச்சமும் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து ஒரு வருடம் ஓட வேண்டும், வரியும் கூடும், குடிவரவு அலுவலகம் என்ன சொல்லும் என்று நான் உறுதி தர முடியாது, லோயரிடம் கேட்க வேண்டும். மூன்றையும் சொன்னேன்.

"ஒரு வருசம் பஸ்ஸில போகாம இருந்தா அம்மா வருவா," என்றார் குணம் மெதுவாக, தனக்குத்தானே. "நான் இவ்வளவு காலமும் பஸ்ஸில போனபடியாத்தான்..." முடிக்கவில்லை. "பேந்து கதைப்பம், அண்ணை," என்று எழுந்து போய்விட்டார்.

மேலாளரிடம் அனுமதியை உறுதிப்படுத்தக் கேட்டேன். "வேண்டுமென்றால் கொண்டுபோகட்டும், கார் அவருடையதுதானே," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இவ்வளவு நாளும் எதில் போனார்?" என்று கேட்டார். சொன்னேன். அறிவிப்புப் பலகையில் மிஞ்சியிருந்த ஈரத் தாள்களைத் தன் கையாலேயே கழற்றி வாளியில் போட்டார்.

எண்ணை மாற்றச் சொல்லி உங்களிடமும் வருவார்கள். சிலர் பேராசையில் வருவார்கள், சிலர் குணம் மாதிரி வருவார்கள். எண்ணைத் தொடாதீர்கள். ஆனால் ஆளைத் திருப்பி அனுப்புவதற்கு முன் ஒருமுறை ஏன் என்று கேளுங்கள். எண் சரியாக இருந்து, அதன் பின்னால் இருக்கும் வாழ்க்கை பிழையாக இருக்கவும் கூடும். அது திருத்தக்கூடியது.

மறுநாள் வியாழக்கிழமை. நான் தேநீர்க் கோப்பையைக் கழுவுவதற்குள் கீழே ஒரு கார் ஒலி கேட்டது. குணம். இரவு பனி தள்ளும் வண்டி வந்து தெருப்பனியை ஒதுக்கிக் காரை மூடிவிட்டதாம். ஐந்து மணியிலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார். மூக்கு சிவந்திருந்தது. காருக்குப் பின்னால் வெள்ளை ஆவி வீட்டுக் கூரைவரை எழும்பி நின்றது.

"ஏறுங்கோ, அண்ணை. அம்மாட்டச் சொன்னனான்."

"என்ன சொன்னவ?"

"'வரி கூடக் கட்டினாத்தான் என்னை விடுவினமெண்டா நல்லாக் கட்டு மோனை, கஞ்சத்தனம் பாராதை' எண்டா."

கதவைத் திறந்தேன். முன்னிருக்கையில் அந்தப் பிளாஸ்டிக் உறை விறைத்துக்கொண்டு கிடந்தது.

"மெல்ல இருங்கோ, அண்ணை. அது புதுசு."

அன்று முதல் வேலையாக, நாட்காட்டியை வெட்டுவதற்கும் பென்சில் சீவுவதற்கும் முன்னால், தெருவில் நின்றபடியே அந்த உறையின் முனையைப் பிடித்து இழுத்துக் கிழித்தேன். குணம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.